கொக்கை நீ நிறுத்திய நாள்

இன்று ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலில் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். மூடியில் பச்சை எழுத்தில் 'விபத்தில்லா ஆண்டு' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே, தலைக்கவசம் போட்ட ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள். பஸ் கனகம்மாசத்திரம் தாண்டும்வரை பெட்டி என் மடியில் கிடந்தது. டால்டாவும் ஏலக்காயும் கலந்த வாடை. பக்கத்து சீட்டுப் பெண் தன் பெட்டியைத் திறந்து தின்று, விரலை நக்கினாள். நான் என்னுடையதைத் திறக்கவில்லை. அவர்கள் சொல்கிற அந்த ஆண்டில்தான் உன் வலது கையின் மூன்று விரல்கள் போயின.

அது எப்படி விபத்தில்லா ஆண்டு ஆயிற்று என்று உனக்குத் தெரியும். என் கையெழுத்தால் ஆயிற்று. நீ போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் பேசாமல் இருந்தவள், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இதுவும் ஒரு மாதிரி அருவருப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ கே.ஜி.கண்டிகையில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வருவாய். திருத்தணியில் நான் ஏறும்போது பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாய். ஆறு வருஷம் அப்படிப் போனோம். உள்ளே போனதும் போனைப் பூட்டி வைக்க வேண்டும். லைனுக்கு ஒரு சிவப்பு அட்டை ஆணியில் தொங்கும். அது இருந்தால்தான் பாத்ரூம் போகலாம். போன நேரமும் வந்த நேரமும் எழுத வேண்டும். மாதாமாதம் தூரமாகிற நாட்களிலும் அந்த அட்டைக்காகக் காலை இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். மேனேஜர் நோட்டைப் புரட்டி, "உனக்கு மட்டும் இன்னாம்மா ஏழு நிமிஷம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்.

நம் லைனில் இருந்த ரோபோ கைக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது நீதான். அச்சு மெஷின் திறந்ததும் உள்ளே போய், சூடான பிளாஸ்டிக் பாகத்தைக் கவ்வி, வெளியே வைக்கிற வேலை அதற்கு. "ஏரியில நிக்கிற கொக்கு மாதிரியே இருக்குது பாருடி. செத்துப்போன மாதிரி நிக்கும், பட்டுன்னு கொத்தும்" என்றாய். அதற்குப் பிறகு மெக்கானிக்குகள்கூடக் கொக்கு என்றுதான் சொன்னார்கள்.

காலைக் கூட்டத்தில் மேனேஜருக்குப் பிடித்த பேச்சு ஒன்று உண்டு. "ரோபோவப் பாத்துக் கத்துக்கங்கம்மா. அது லீவு கேக்குதா? பாத்ரூம் கேக்குதா?"

ஒருநாள் நீ பின்வரிசையிலிருந்து சொன்னாய்: "கேக்கல சார். ஆனா கூண்டுக் கதவத் தொறந்தா அது நின்னுடுது. எங்கள நீங்க நிக்க வுட மாட்றீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க சிவப்பு அட்டை உன் பக்கமே வராதபடி பார்த்துக்கொண்டார். நீ காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாய்.

திரும்பும் பஸ்ஸில் பெண்கள் விளையாட்டாகப் பேசிக்கொள்வோம். கொக்குக்குக் கோபம் வந்தால் முதலில் யாரைக் கொத்தும்? இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. மேனேஜர் பெயரைச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் கொத்தும் என்பதில்தான் போட்டி. நீ மட்டும், "அது யாரையும் கொத்தாதுடி. அதுக்குத் தலைக்கு மேல வேல கெடக்குது" என்பாய். ஒரு தடவை யோசித்து, "பாவம், கோவம் வந்தாலும் வேலைய முடிச்சிட்டுத்தான் படணும் அது. நம்மள மாதிரி" என்றாய்.

கொக்கைச் சுற்றி வலைக்கம்பிக் கூண்டு இருந்தது. கூண்டுக் கதவில் ஒரு சின்ன இரும்பு நாக்கு. கதவை மூடினால் அது சுவிட்சுக்குள் போய் உட்காரும். திறந்தால் வெளியே வந்துவிடும், கொக்கும் நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓட்டச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்கள் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. தனியாக ஒரு நாக்கை வாங்கிவந்து சுவிட்சில் செருகி, டேப் சுற்றிவிட்டார். அதன்பின் கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாகவே கொக்கு நினைத்துக்கொள்ளும். நீ ஷிப்ட் நோட்டில் அதை எழுதினாய். மறுநாள் அந்தப் பக்கம் நோட்டில் இல்லை.

பாகம் ஒன்று அச்சில் சிக்கிய அன்று அவர் உன் பின்னால் நின்று, "எடும்மா, எடு, எடு" என்று கத்திக்கொண்டிருந்தார். கொக்கு நின்றுகொண்டிருந்தது. நீ கையை விட்டாய். நான் லைனை இயக்கும் பேனல் பக்கம் இருந்தேன். உன் குரல் வருவதற்கு முன்னால், ஈரத்துணியை மிதித்தது போல ஒரு சத்தம் வந்தது. அதை இங்கே இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன்னை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால், சுவிட்சில் செருகிய நாக்கு இல்லை. டேப்பும் இல்லை. பசையைக்கூடத் துடைத்திருந்தார்கள். சாயங்காலம் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, டீயும் பிஸ்கட்டும் வைத்து, ஒரு காகிதத்தைத் தள்ளினார்கள். 'இவர் தன் கவனக்குறைவால் விதியை மீறிக் கதவைத் திறந்து கை விட்டதை நேரில் பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. நாளை வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று அவர்கள் வாய் திறந்து சொல்லவில்லை. நானாகவே புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். டீயையும் குடித்தேன். மிச்சம் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது அந்தக் காகிதத்தின் நகல் உன் தலைமாட்டில் இருந்தது. நீ கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சிரித்தாய். "கையெழுத்து அழகா இருக்குதுடி கிரேசு. உங்க மிஷன் ஸ்கூல்ல நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க." நான் அழுதேன். "வுடு. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றாய். போட்டிருக்க மாட்டாய். அது நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

புண் ஆறியதும் உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், இடது கையால் லேபிள் ஒட்ட. அது கருணை இல்லை என்பது வெளியூர் வாடிக்கையாளர்கள் லைனைப் பார்க்க வந்த அன்று தெரிந்தது. மேனேஜர் அவர்களை நேரே உன் மேசைக்குக் கூட்டிவந்து, உன் தோளில் கை போட்டு, நாங்களெல்லாம் ஒரே குடும்பம் என்று இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். உன் தோள் கல் மாதிரி இருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்து அவர்களைக் கொக்குப் பக்கம் கூட்டிவந்தார். டேப் சுற்றிய நாக்கு எப்போதோ மறுபடி சுவிட்சுக்கு வந்துவிட்டிருந்தது. உன் விரல்கள் போயும் அதை எடுத்துவைக்க அவருக்குத் தோன்றவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனார். கொக்கு அசையாமல் நின்றது. நின்றுவிட்டது என்று நினைத்தார் போலிருக்கிறது. அச்சு ஆறுவதற்காகக் காத்திருந்தது அது. பேனலில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சையானால் கை இறங்கும். அவர் அதற்கு நேர் கீழே கழுத்தை நீட்டி, கவ்வுகிற பாகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

லைனை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கை மடியிலேயே கிடந்தது. மறந்துபோகவில்லை, பயமும் இல்லை. அவருடைய பிடரியில் வியர்வையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துக்கொண்டு, பச்சை வரட்டும் என்று காத்திருந்தேன். வாயில் எச்சில் ஊறியது. மனிதர்களுக்கு அப்படியும் ஊறும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

லேபிள் சுருள் தரையில் உருண்டது. நீ ஓடிவந்து இடது கையால் பொத்தானை அறைந்தாய். அவர் கழுத்துக்கு ஒரு சாண் மேலே கொக்கு நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்தது, உடனே சிவந்தது. வந்தவர்கள் முன்னால் லைன் நின்றுவிட்டதே என்ற கோபம். "யாரும்மா நிறுத்துனது? உன் எடத்த வுட்டு யாரு வரச் சொன்னது?" நீ கீழே உருண்ட சுருளை எடுத்துச் சுற்றிக்கொண்டே உன் மேசைக்குப் போனாய். மாலையில் இடத்தை விட்டு எழுந்ததற்கு உனக்கு மெமோ வந்தது. மாதக் கடைசியில், அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

மெமோ வந்த அன்று பஸ்ஸில் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

"இன்னாத்துக்குடி அவனக் காப்பாத்துன?" என்று கேட்டேன்.

நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ பாத்துகினு இருந்த, இல்ல?" என்றாய்.

"ஆங். சாவட்டும்னுதான் பாத்துகினு இருந்தேன். உன் கையத் தின்னவன்டி அவன்."

"அதுக்கு? உள்ள இருக்கறது யாருன்னு பாத்துதான் பட்டன அடிக்கணும்னா, அன்னிக்கு எனக்கு நிக்காததும் சரின்னு ஆயிடும்டி."

எனக்கு உன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அவர்மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. "நீ மெஷின்தான்டி. அவன் ஆசப்பட்ட மாதிரியே ஆயிட்ட" என்றேன்.

நீ மடியில் இருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாய். பிறகு, "ஓடி வரும்போது நடுவுல ஒரு தபா நின்னேன். நீ பாக்கல" என்றாய்.

திருத்தணியில் நான் இறங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நீ வேலைக்கு வந்த மிச்ச நாட்களில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில் நீ பையை வைத்துக்கொண்டுதான் வந்தாய்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து உன்னைப் பார்க்கப் போகலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமையே முடிந்துவிட்டது.

உன் வீட்டு வாசலில் கம்பெனி மலர் வளையம் சாத்தி வைத்திருந்தது. ரிப்பனில் உன் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள். மேனேஜர் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். உன் நைனா அவருக்கு நாற்காலி போட்டுக் கும்பிட்டார். அந்தக் கும்பிடைப் பார்க்க முடியாமல் நான் வேலிப்பக்கம் போய் நின்றேன்.

எல்லோரும் போனபின் நைனா என்னிடம் வந்தார். "நீ பக்கத்துல இருந்தியாமே. ஒண்ணு சொல்லும்மா. அது தானாவா கைய வுட்டுச்சு? கம்பெனிக் காயிதத்துல அப்படித்தான் போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொன்னாங்க. 'கண்ண எங்க வச்சிகினு இருந்த'ன்னு நான் தெனமும் திட்னேம்மா. ஒரு வார்த்த பேசல அது."

உன் தகப்பனிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தனை மாதம் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய்.

"இல்ல நைனா. அந்தாளு எடுக்கச் சொன்னான். கதவுல பொய் நாக்கு வச்சிருந்தான். காயிதத்துல இருக்கறது பொய். அதுல கையெழுத்துப் போட்டது நான்தான்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டு, "அது இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் அவரையும் கூட்டிக்கொண்டு போய், தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அதிகாரியிடம் நடந்தது முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். அதே அழகான கையெழுத்து. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். கம்பெனியின் பதிவேட்டில் அது இன்னும் விபத்து ஆகவில்லை. மேனேஜரைப் பெரிய பதவி கொடுத்து வேறு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை இருப்பதால் என்னை வெளியே தள்ள முடியவில்லை. லைனிலிருந்து எடுத்துக் கழிவு பிரிக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதிகாரி வந்துபோன பிறகு கொக்கின் கூண்டில் புது சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில், யாரையும் கேட்காமலேயே, லைனுக்குப் போய் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறேன். கொக்கு நின்றுவிடுகிறது. பிறகுதான் என் இடத்துக்குப் போகிறேன்.

நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஆளின் பிடரியை நினைத்தால் இன்னும் எச்சில் ஊறுகிறது. ஊறுகிற என்மேலும் குமட்டல் வருகிறது. நாளைக்கே அவர் வந்து கொக்கின் கீழே கழுத்தை நீட்டினால் பொத்தானை அடித்துவிடுவேன். அடித்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுப்பேன். மன்னிப்பதெல்லாம் என்னால் ஆகாது.

உன்னை மெஷின் என்று சொன்ன வாய் இது. ஓடிவருகிற வழியில் நீ ஒரு தடவை நின்றாய். எதற்கு நின்றாய், எவ்வளவு நேரம் நின்றாய் என்று நான் கேட்கவே இல்லை. லேபிள் மேசைக்கும் பேனலுக்கும் நடுவே பத்துத் தப்படி இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அதை நடந்து பார்க்கிறேன். எந்த இடத்தில் நின்றிருப்பாய் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் என் கால் நின்றுவிடுகிறது. அங்கிருந்து மறுபடி எடுத்து வைக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.