நிற்காமல் போன வண்டி

செப்டம்பர் 14

போக நாற்பத்தொரு ரயில்வே கேட், வர நாற்பத்தொன்று. இந்த லைனில் எந்தக் கேட்டுக்கும் ஆள் கிடையாது. கேட் கீப்பர்கள் நாங்களே வண்டியில் போகிறோம். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். நான் முதல் பெட்டியிலிருந்து குதித்து மூடிவிட்டு ஏறுவேன். தாண்டியதும் மறுபடி நிற்கும். கடைசிப் பெட்டியிலிருந்து இவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். ஒரே வண்டியில் புருஷன் பெண்டாட்டி, முகம் பார்ப்பது பெரிய வளைவில் மட்டும்.

தாலுகா ஆபீஸ் குஞ்சிதபாதம் சார் இன்றும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “சைக்கிள்ல கிளம்பியிருந்தா இந்நேரம் வீட்ல காபி குடிச்சிருப்பேன்.”

“போங்களேன் சார், யாரு புடிச்சு வச்சா?” என்றேன். எங்கள்மேல் மனு எழுதுவதே அவருக்கு வேலை.

செப்டம்பர் 23

நாள் தள்ளிப்போயிருக்கிறது. சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது. போன வருஷமும் இப்படித்தான்... மூன்றாம் மாசம், ஜல்லியில் குதித்து — வேண்டாம், எழுத மாட்டேன்.

செப்டம்பர் 30

“நின்னுடு புள்ள” என்கிறார் இவர். எப்படி நிற்பது? காண்ட்ராக்டர் எங்களை ஜோடியாகத்தான் வேலைக்கு எடுத்தார். நான் நின்றால் அவருக்கும் வேலை இல்லை.

குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். ஏதாவது ஒரு கேட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை போதும் என்று. “கேட்டுல ஆள் போடவே உத்தரவு இல்லையேம்மா” என்றார் அதிகாரி. மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 8

தினமும் வண்டியில் வரும் ஜெபமாலை அக்காவின் மீன்கூடைக்குப் பக்கத்தில் நின்றதில் குமட்டிவிட்டது. “எத்தன மாசம்டி?” என்று பிடித்துக்கொண்டாள்.

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

“வளகாப்புக்கு அம்மா வீட்ல சொல்லிட்டியா?”

சாதி விட்டுக் கட்டிக்கொண்டவளுக்கு ஏது அம்மா வீடு? யார் வளையல் போடப் போகிறார்கள்? அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன், ச்சே.

அக்டோபர் 9

அக்காவுக்கு ஓட்டை வாய்! பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கேட்டில் காலைக் கீழே வைக்கப் போனேன். குஞ்சிதபாதம் சார் வாசலை மறித்தார். “உக்காரும்மா.” பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரே குதித்தார்! அடுத்த கேட்டுக்கு நர்ஸம்மா. அதற்கடுத்து சர்வேயர். “பூட்ட இழுத்துப் பாருங்க சார், இழுத்துப் பாருங்க!” என்று வாசலில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

இறங்கும்போது சொன்னேன்: “இன்னிக்கு ஒம்பது நிமிஷம் லேட்டு. எல்லாம் உங்களாலதான் சார்.”

அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

அக்டோபர் 16

சார் தன் ஃபைலைக் காட்டினார். மூன்று வருஷத்து மனுக்கள். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: ஒவ்வொரு கேட்டுக்கும் நிரந்தரமாக ஆள் போடுங்கள், வண்டி நிற்காமல் போகட்டும். அட, நான் கேட்டதும் அதுதானே! இத்தனை நாள் இந்த மனுஷனையா திட்டிக்கொண்டிருந்தேன்?

என் மனுவையும் சேர்த்துப் புதிதாக எழுதினார். வண்டியே கையெழுத்துப் போட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

நவம்பர் 20

பதில் இல்லை.

டிசம்பர் 6

அடைமழை. குடை பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். போன வருஷம் தாண்டாத மாசத்தைத் தாண்டிவிட்டேன். சத்தமாகச் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 28

உத்தரவு வந்துவிட்டது! எல்லாக் கேட்டுக்கும் ஆள். எனக்குப் பதினேழாவது கேட், இவருக்குப் பதினெட்டு. சார் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 7

முதல் நாள். மூடினேன், பூட்டினேன், பச்சைக் கொடியோடு நின்றேன். வண்டி வந்தது, போய்விட்டது. அவ்வளவுதான். வாசலில் யார் யாரோ கையாட்டினார்கள். முகம் பிடிபடுவதற்குள் தாண்டிவிட்டது. நிற்காமல் போக வேண்டும் என்றுதானே கேட்டோம்? ஆனாலும் கோபம் வந்தது.

கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பினால் புல்லில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. மீன் வாடை. உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் காகிதப் பொட்டலங்கள். எங்கள் மனுவின் நகல்கள்தான், அதே முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பிரித்தால் கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு. ஆளுக்கு ஒன்று வாங்கியிருப்பார்கள் போல. ஒன்றுகூட உடையவில்லை.

பதினெட்டிலிருந்து இவர் போன் செய்தார். “வண்டி தாண்டிருச்சு. அங்க என்ன சத்தம் புள்ள?”

 வளையல் அடுக்கிய கையைப் போன் பக்கத்தில் வைத்து ஆட்டினேன்.