மானியத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

பிப்ரவரி 9

என் பாதி வீட்டுக்காரருக்கு,

வீடு பாதிதானே எழும்பியிருக்கிறது, அதனால் இப்போதைக்கு இந்தப் பட்டமே போதும். நான் நலம். நீங்களும் நம் குட்டிப்பெண் வாலுவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் ‘ம்’ என்கிறீர்கள். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதம் என்றால்தான் உங்களுக்கு வாய் முளைக்கிறது. கடிதமே எழுதுங்கள்.

ஒரு சேதி. நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் அக்காவின் தம்பியும் நம் ஊரில் வீடு கட்டுகிறாராம். முதன்முதலாக வீடு கட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் மானியம் தருகிறதாம். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். நமக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று வீட்டு வசதி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அங்கேயும் ‘ம்’ என்று நிற்காமல் வாயைத் திறந்து கேட்க வேண்டும். யாருக்குத் தருவார்கள், யாருக்குத் தர மாட்டார்கள், எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள்.

கூரை போட்டுவிட்டால் நான் பெட்டியைக் கட்டிவிடுவேன். அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து என் இடுப்பு போய்விட்டது. மாமா இறந்தபோதுகூட நான் வரவில்லை. “பிளேன் டிக்கெட் காசுல ஜன்னலுக்கு மேல கான்கிரீட் போட்டுடலாம். நீ வந்து அப்பாவை எழுப்பவா போற?” என்று நீங்கள் கேட்டீர்கள். சரிதான் என்று இருந்துவிட்டேன். அன்று மத்தியானம் ஒரு பெரியவருக்குக் கால் கழுவிவிடும்போது அழுகை வந்து, அவர்தான் எனக்குத் தேறுதல் சொன்னார். இனி எதற்காகவும் அப்படி இருந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறேன்.

வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? போனில் அவள் பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. ஆனாலும் நிறுத்த மாட்டேன் என்கிறாள், என் ரத்தம்.

அன்புடன்,
உங்கள் அதிகாரி

*

மார்ச் 2

மேன்மை தங்கிய அதிகாரிக்கு,

உத்தரவுப்படி போய்வந்தேன். பணிமனையில் பாதி நாள் விடுப்பு. அலுவலகத்தில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா இருக்கிறார். ஆளைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துப் பேசுகிறவர். ஆனால் பொறுமைசாலி, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

புருஷன் பேரிலோ பெண்டாட்டி பேரிலோ இதற்கு முன் வீடு இருந்திருக்கக் கூடாது. நமக்கு என்றைக்கு இருந்தது? தேறிவிட்டோம். மனை நம் பேரில் வில்லங்கம் இல்லாமல் இருக்க வேண்டும். அதிலும் தேறிவிட்டோம். வீடு இன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது. நம் வீட்டில் நான் கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் என்றேன், அந்த அம்மா சிரிக்கவில்லை. கட்டிய பிறகு வாடகைக்கு விடாமல் நாமே குடியிருக்க வேண்டும். அதற்குத்தானே இந்தப் பாடு.

கடைசியில் வருமானம். அங்கேதான் வழுக்கி விழுந்தோம். “குடும்பம்னா ரெண்டு பேரு சம்பளமும் சேர்த்துத்தான் சார்” என்றார். பேருந்துக்கு விளக்கு மாட்டும் என் சம்பளம் மட்டும் என்றால் அவர்கள் போட்ட கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறோம். உன் சம்பளத்தைச் சேர்த்தால் கோட்டுக்கு மேலே தலை தெரிகிறது. எந்தச் சம்பளத்தால் சுவர் எழுந்ததோ, அதே சம்பளம் கூரைக்குக் குறுக்கே நிற்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

நீ மனசு விட்டுவிடாதே. இன்னும் இரண்டு வருடம் அங்கே இழுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. வேறு வழி இருக்கிறதா என்று நம் கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் கட்டாத வீடும் இல்லை, பார்க்காத அலுவலகமும் இல்லை.

பல் விழுந்துவிட்டது. அதை உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி ஒரே அடம்.

உன்,
பாதி வீட்டுக்காரன்

*

ஜூன் 11

அதிகாரிக்கு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கையில் நல்ல சேதியோடுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மானியம் கிடைத்துவிட்டது! முதல் தவணை வந்து கூரைக்குக் கம்பி கட்டியாகிவிட்டது, வரும் வாரம் கான்கிரீட். பூச்சு முடிந்ததும் இரண்டாம் தவணை தருவார்கள். எப்படி என்று கேட்காதே. அது ஆண்பிள்ளைகள் விவகாரம். கொத்தனார் வழி காட்டினார், என் அக்காவும் கூட மாட அலைந்தாள். நீ பெட்டியைத் தூசி தட்டி வை.

வாலு நன்றாக இருக்கிறாள். போனுக்கு வர மாட்டேன் என்கிறாள், விளையாட்டுப் புத்தி.

உன்,
முக்கால் வீட்டுக்காரன்

*

ஜூன் 30

என் முக்கால் வீட்டுக்காரருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு விடுதியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். மேல் கட்டிலில் படுக்கும் பெண் “என்னக்கா, மறுபடியும் கல்யாணமா?” என்கிறாள். அப்படித்தான் வைத்துக்கொள் என்றேன். அது என்ன ஆண்பிள்ளைகள் விவகாரம்? ‘ம்’ போடும் ஆள் கோட்டையைப் பிடித்துவிட்டீர்களே, அது போதும். நான் கேட்கவில்லை.

அந்தக் கண்ணாடி அம்மாவை நினைத்தேன். குறை சொல்ல ஆயிரம் பேர் போவார்கள், நன்றி சொல்ல யார் போகிறார்கள்? ‘என் கணவர் பேரில் மானியம் கொடுத்தீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து கட்டும் வீடு. கூரை முடிந்ததும் நான் வந்துவிடுவேன், உங்கள் புண்ணியம்’ என்று நான்கு வரி எழுதி, கீழே இந்த விலாசத்தையும் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும்.

வாலு ஏன் பேச மாட்டேன் என்கிறாள்? மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. அவளுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டு எழுதுங்கள். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அதிகாரி

*

ஜூலை 14

அதிகாரிக்கு,

என்ன காரியம் செய்துவிட்டாய்! யாரைக் கேட்டு அந்த அலுவலகத்துக்கு எழுதினாய்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. இனி அங்கே ஒரு வரிகூட எழுதாதே.

ஒருவேளை அவர்களிடமிருந்து ஏதாவது வந்தால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்காதே. கையெழுத்து கேட்கிற இடத்தில் போட்டு அனுப்பிவிடு. எல்லாம் வழக்கமான காகிதம்தான். மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம். கூரை நல்லபடியாக முடிந்தது, தண்ணீர் கட்டி வைத்திருக்கிறோம்.

உன்,
வீட்டுக்காரன்

*

ஜூலை 27

உங்களுக்கு,

வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன்.

கண்ணாடி அம்மா மரியாதையாகவே எழுதியிருக்கிறார். ‘உங்கள் நன்றிக்கு நன்றி. ஆனால் எங்கள் கோப்பின்படி நீங்கள் கணவரைப் பிரிந்து, எந்தத் தொடர்பும் இல்லாமல் வாழ்பவர். பிரிந்தவர் என்பதால்தான் உங்கள் வருமானத்தைச் சேர்க்கவில்லை. உங்கள் கடிதம் வேறு மாதிரி இருக்கிறது. எது சரி என்று உறுதி செய்யுங்கள்.’ கூடவே கோப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் நகல்.

நான் சண்டை போட்டுக்கொண்டு போனவளாம். காசு அனுப்புவதில்லையாம், கடிதமே போடுவதில்லையாம். உங்கள் கையெழுத்து. நான் எழுதிய கடிதங்களை எல்லாம் எங்கே வைத்துவிட்டு அப்படி எழுதினீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் மறைத்தது என்னை.

அண்ணியின் வாக்குமூலமும் இருக்கிறது. “மாமனார் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத பொண்ணுங்க அவ.” உங்கள் அக்காவுக்கு அது உண்மையாகவே தோன்றியிருக்கலாம். நான் ஏன் வரவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? நீங்கள் ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. அதையே ஆதாரமாகக் கொடுக்க விட்டீர்கள். உங்கள் அப்பாவுக்காக நான் அழுத அழுகையை அரசாங்கத்திடம் விற்றுவிட்டீர்கள்.

ஆய்வுக்கு வந்தவர் குறிப்பு எழுதியிருக்கிறார். நம் வாடகை வீட்டில் பெண்ணின் துணிமணி இல்லை. கல்யாணப் படம் இல்லை, சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு படித்தேன். அடுத்த வரியில் வாலு இருந்தாள். “அம்மா எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க.” குழந்தை தயங்காமல் சொன்னதாக எழுதியிருக்கிறார்.

தயங்காமல் சொல்லும் அளவுக்கு எத்தனை முறை ஒப்பிக்க வைத்தீர்கள்? நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அது பொய் என்று அவளிடம் பிறகு சொன்னீர்களா, இல்லையா? மற்றதற்கு எல்லாம் பதில் வேண்டாம்.

நான்

*

ஆகஸ்ட் 10

அன்பே,

திட்டு, நான்கு நாள் திட்டு. ஆனால் புரிந்துகொள். காகிதத்தில்தானே பிரிந்தோம்? மனசிலா பிரிந்தோம்? கொத்தனார் கட்டிய வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்களாம். நீ இன்னும் இரண்டு வருடம் அங்கே கஷ்டப்படக் கூடாது என்றுதானே செய்தேன்? சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், அதனால் சொல்லவில்லை.

அப்பா விஷயம் அக்கா தானாகச் சொன்னது. எழுதியதை நான் படித்தேன், அந்த வரியை அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் ஆதாரம் போதாது என்று கொத்தனார் பார்வையாலேயே தடுத்தார்.

சொல்லிக் கொடுத்தபோது வாலு முதலில் “அம்மா லெட்டர் போடுறாங்களே” என்றுதான் சொன்னாள். “சும்மா சொல்லும்மா, விளையாட்டுக்கு” என்றேன். ஆய்வுக்காரர் போன பிறகு, “அப்போ அம்மா வருவாங்களா, மாட்டாங்களா?” என்று கேட்டாள். பூச்சு முடிந்ததும் இன்னொரு முறை ஆய்வு இருக்கிறதே, குழந்தை உளறிவிட்டால் என்ன செய்வது? “இப்போதைக்கு வர மாட்டாங்கன்னே வெச்சுக்கோ” என்றேன். இரண்டாம் தவணை வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவேன், சத்தியம். படமும் அலமாரிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

நீ மாற்றி எழுதினால் கொடுத்ததை அபராதத்தோடு திருப்பிக் கேட்பார்கள். வீட்டை விற்க வேண்டியதுதான். என் வேலையும் போகலாம். நீ இத்தனை வருடம் பாடுபட்டது உன் கையெழுத்து ஒன்றில் தொங்குகிறது. உறுதி செய்கிறேன் என்று போட்டு அனுப்பு. உனக்காகக் கட்டிய வீடு இது.

என்றும் உன்,
வீட்டுக்காரன்

*

ஆகஸ்ட் 28

வாலுவின் அப்பாவுக்கு,

நேற்று அவள் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்தேன். ஆசிரியை கூப்பிட்டுக் கொடுத்தார். “வாலு, நான் அம்மா பேசுறேன்” என்றேன். மெதுவாக, “நீ பேசக் கூடாதும்மா. பேசினா அப்பாவுக்கு வீடு கிடைக்காது” என்றாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல இருந்தது.

நான் இங்கே வந்த நாளில் இருந்து அவளிடம் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறேன், அம்மா வருவேன் என்று. அது ஒன்றைத்தான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. அதையும் கூரைக்கு அடியில் போட்டுவிட்டீர்கள். என்னிடம் பொய் சொன்னதைக்கூட ஒருநாள் மறந்துபோயிருப்பேன். இரண்டாம் தவணை வரும்வரை குழந்தை காத்திருக்கட்டும் என்று நிதானமாக எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் மறக்க முடியாது.

வேலையை விட்டுவிட்டேன். வருகிறேன். உங்கள் வீட்டுக்கு இல்லை. பள்ளிக்கூடத்துத் தெருவில் ஓர் அறை வாடகைக்குப் பேசச் சொல்லித் துவைக்கும் அக்காவின் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வாலு என்னோடு இருப்பாள். வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். அவள் எதிரில் இன்னொரு நாடகம் வேண்டாம்.

கண்ணாடி அம்மாவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். ‘கணவரைப் பிரிந்து வாழ்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தார்கள். ஆம் என்று எழுதினேன். எந்தத் தேதியில் இருந்து என்ற இடத்தில் நான் விமானம் ஏறிய தேதியை நீங்களே கொடுத்திருந்தீர்கள். அதை அடித்துவிட்டு, இன்றைய தேதியை எழுதினேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா