பதினோரு வகை விதைக்கிழங்கு

ஏப்ரல் 9, செவ்வாய்

கடைப் பரணிலிருந்து மாவு மூட்டை இறக்கும்போது ஏணி சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

கை கிடக்கட்டும். வீட்டுத் தோட்டம்? இலையுதிர் காலம் வந்துவிட்டது. பூமியின் தென்கோடியில் கிடக்கும் எங்கள் சிலோயேத் தீவில் மழை பிடித்தால் விடாது. பதினோரு வகை உருளைக்கிழங்கு இன்னும் மண்ணுக்குள். அத்தனையும் அடுத்த வருஷத்து விதை. அழுகினால் போச்சு, சந்தையில் வாங்க முடியாத வகைகள். பன்னிரண்டு வருஷமாக என் மனைவி மார்லெனி பொறுக்கிச் சேர்த்தவை. அவள், மகளின் பிரசவத்துக்குப் புவெர்த்தோ மோன்ட் போயிருக்கிறாள். போனில் கேட்டாள், "கிழங்கு எடுத்தாச்சா?"

"பாதி ஆச்சு" என்றேன். ஒரு செடிகூடத் தொடவில்லை. மணிக்கட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 10

கூலிக்கு ஆள் இல்லை. எல்லாரும் சால்மன் மீன் பண்ணை வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

கூப்பிடாமலே வந்தார்கள். பக்கத்துப் பண்ணை எர்சிராவும் அவள் புருஷன் பெலார்மினோவும், தோளில் கைக்கொத்தோடு.

முப்பது வருஷமாகக் கிழங்கு வாங்கி விற்கிறேன். வெட்டுப்படாத மூட்டை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். எர்சிரா செடிக்கு ஒரு முழம் தள்ளியே கொத்துகிறாள். மண் இளகியதும் கொத்தைப் போட்டுவிட்டு விரலை விடுகிறாள். வெளியே வரும்போதே கிழங்கு தரம் பிரிந்துவிடுகிறது. விதைக்கு ஒரு குவியல், அடுப்புக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று. பேச்சு பெலார்மினோவோடு, கண் வானத்தில். கை மட்டும் தவறவே இல்லை. நான் கூடையைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றேன்.

ஐந்து வகை முடிந்தது. கிளம்பும்போது உறையை நீட்டினேன். ஊர்க் கூலியைவிடப் பத்தாயிரம் பேசோ கூடுதல். எர்சிரா அதை விறகுப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

ஏப்ரல் 12

வரவில்லை. மழை.

ஏப்ரல் 14, ஞாயிறு

மழை நிற்கவே இல்லை. பெலார்மினோ ஆணி வாங்க வந்தார்.

"ஏன்யா, கூலிக்காரின்னு நெனச்சியா அவளை?"

"கை உடஞ்சு கெடக்கேன். பதிலுக்கு நான் என்னத்தச் செய்ய? அதான் காசு குடுத்தேன்."

"அத அவ கேட்டாளா?"

நான் இந்தத் தீவில் பிறந்தவன். இங்கே அண்டைவீட்டார் நாளுக்குப் பதில் நாளாகத்தான் திருப்பித் தருவார்கள். நீ என் நிலத்தில் ஒரு நாள், நான் உன் நிலத்தில் ஒரு நாள். தெரியாதா எனக்கு? நன்றாகத் தெரியும். காசு கொடுத்தால் யார் வீட்டுச் சேற்றிலும் போய் நிற்க வேண்டாமே — அதுவும் தெரியும்.

ஏப்ரல் 15

போனேன். எர்சிரா வாசலில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க முதலாளி. சம்பளச் சீட்டுல கையெழுத்து வாங்க வந்தீங்களா?"

"தப்புதான். என் நாளைத் தர வந்திருக்கேன்."

"ஒத்தக் கையால என்ன கிழிப்பீங்க?"

"உரத்துக்கு என் லாரி நெறைய கடற்பாசி அள்ளிட்டு வரேன்."

"லாரி வேலை செய்யும். நீ?"

யோசித்துச் சொன்னேன், "பூண்டு ஊனலாம். அதுக்கு ஒரு கை போதும்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "குனிஞ்சா எந்திரிப்பியா நீ? பெலார்மினோ, வந்து கேளு, கடைக்காரரு பூண்டு ஊனப் போறாராம்!"

மழை ஓய்ந்ததும் வருவதாகச் சொன்னாள்.

ஏப்ரல் 18, வியாழன்

இருவரும் வந்தார்கள். நீலத்தோல் கிழங்குப் பாத்தி முழுக்கத் தண்ணீர், அள்ளினால் கூழ். எர்சிரா அந்தக் கூழையும் மண்ணையும் ஓரமாகத் தோண்டி ஒதுக்கிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள். பத்து வகை தப்பித்தது. காய்ந்த தண்டுகளை எரித்தாள், வேலியோரம் வாய்க்கால் கீறினாள், பாத்திகளின்மேல் கரையில் ஒதுங்கிய கடற்பாசியைப் போர்வைபோல் பரப்பினாள். ஒரு கையகலம்கூட வெறும் மண் தெரியவில்லை. கடைச் சரக்கை நான் இத்தனை அழகாக ஒருநாளும் அடுக்கியதில்லை. பனி எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

மார்லெனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீலத்தோல் போனதற்கு அழுதாள். பிறகு, "எர்சிராகிட்டயா பணத்த நீட்டுன? உனக்கு ஒடஞ்சது கையா, மண்டையா?"

ஏப்ரல் 19, வெள்ளி

எர்சிராவோடு பேசி முடித்தது: இரண்டு ஆள், இரண்டு நாள், ஆக நான்கு நாள் நான் தர வேண்டும். மாவுக்கட்டோடு வந்தால் என் இரண்டு நாள் ஒரு நாளாகத்தான் சேரும். ஒன்றரை என்று பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. மே முதல் வாரம் இரண்டு நாள் அவள் தோட்டத்தில் பூண்டு ஊன்ற வேண்டும். மீதி மூன்று, அக்டோபரில் கிழங்கு நடவுக்கு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. கைக்கொத்து என்னுடையது, மதியச் சாப்பாடு அவளுடையது. லாரி கணக்கில் வராது.