பெல்சினா நட்ட கராட் வாழை

நவம்பர் 9
மழை. மனைவி பெல்சினா தீவை விட்டுக் குவாமுக்கு ஓட்டல் வேலைக்குப் போன பிறகு இந்த மழைச் சத்தம்தான் பேச்சுத்துணை. அவள் நட்ட கராட் வாழையின் தார் நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. முற்றிவிட்டது. வெட்டமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறவள் கையால் வெட்டட்டும்.

நவம்பர் 12
சாயங்காலம் என் மகள் மெரிதா பன்றிக்குட்டி மேல் இடறி விழுந்தாள். அக்கா யோகானா சிரித்தாள்: “அப்பனைக் கொண்டு பொறந்திருக்கு, கால் ஒரு பக்கம் கண் ஒரு பக்கம்!”

நவம்பர் 14
இன்றும் பொழுது சாய்ந்ததும் மெரிதா தட்டை விட்டுவிட்டுக் காற்றைத் துழாவினாள். பகலில் நண்டு துரத்துகிற பிள்ளை!
“அப்பா, அம்மா இருட்டுனப்புறம் வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”
மருந்தகத்துக்குக் கூட்டிப் போகவேண்டியதுதான்.

நவம்பர் 16
மருந்தகம். மாலைக்கண்ணாம். அதற்கான மாத்திரை அடுத்த கப்பலில்தான் வருமாம். நர்ஸ் கெர்லின், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சோறு, டப்பா இறைச்சி.
“மஞ்சளா இருக்கற பழத்தைக் குடு. அந்த நிறத்தைத்தான் உடம்பு கண்ணுக்கு வேண்டிய வைட்டமினா மாத்திக்கும். உங்க வீட்டுல கராட் நிக்குதாமே?”
“அது பெல்சினாவுக்கு.”
“ஏய்யா, கராட்டை யாராவது தனக்குன்னு நடுவாங்களா? பால் மறக்கற பிள்ளைக்குக் குடுக்கற பழமாச்சே. பிள்ளைக்குன்னுதான் நட்டிருப்பா.”

நவம்பர் 17
வெட்டினேன். அழுகை வந்தது. வாழைக்கு அழுகிறவன் உண்டா? வாழைக்கா அழுதேன்!

நவம்பர் 27
தினமும் அவித்துக் கொடுக்கிறேன். மூத்திரம்தான் மஞ்சளாகப் போகிறது. “கராட் தின்னா அப்படித்தாண்டா போகும்” என்கிறாள் அக்கா. கண்ணில் மாற்றமில்லை. மறுபடி நர்ஸிடம் ஓடினேன்.
“வெறும் தண்ணியிலயா அவிச்சே? கொழுப்பு கொஞ்சம் சேர்ந்தாத்தான் அந்தச் சத்து உடம்புல ஒட்டும். வீட்டைச் சுத்தித் தென்னைய வச்சுக்கிட்டு!”
எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நவம்பர் 28
தேங்காய்ப்பாலில் வேகவைத்தேன். வழித்துத் தின்றாள்.

டிசம்பர் 6
கப்பல் வரவில்லை. மெரிதா அந்தியில் கதவுவரை தனியாக நடந்தாள். தற்செயலா? நம்பப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 21
விமானம் தாமதம். பெல்சினாவோடு வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. வாசலில் அக்காவோடு மெரிதா நின்றிருந்தாள். பெல்சினா வாய் திறக்கவில்லை. வெட்டிய வாழை அடியருகே அப்படியே நின்றாள்.
மெரிதா நேராக அவளிடம் ஓடினாள்.
“அம்மா, ஏம்மா அழுவுறே?”
அவள் அழுவது அந்த இருட்டில் எனக்கே தெரியவில்லை.