காய்ச்சல் இல்லாத அம்மாக்கண்ணுவுக்கு வைத்தியம் கேட்டு

அனுப்புபவர்:
பெ. முத்துலிங்கம்,
தேயிலைத் தொழிற்சாலைக் காவற்காரன்,
பட்டுமலைத் தோட்டம், தலவாக்கலை.

பெறுபவர்:
மாவட்ட வைத்திய அதிகாரி அவர்கள்,
நுவரெலியா.

விஷயம்: என் மருமகளை மனநோய் வைத்தியரிடம் அனுப்பத் துண்டுச் சீட்டு தர மறுக்கும் தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி பற்றியது.

கனம் பொருந்திய ஐயா,

1. அடியேன் கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தவன். அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியாருக்குச் சரக்கில்லாததால் நின்றேன். மனு எழுத என்னை விட்டால் ஆளில்லை என்பது ராகலைவரை தெரியும்.

2. என் அக்காள் மகள் அம்மாக்கண்ணு மாசியில் பிள்ளை பெற்றாள். அன்று தொட்டுப் பேச்சில்லை, தூக்கமில்லை. பிள்ளை கத்தினாலும் சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள். போன மாதம் ஆற்றில் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். ஆறு அன்று கடலாக ஓடியது. நானாக இருந்தபடியால் இறங்கித் தூக்கி வந்தேன்.

3. மருந்துக்காரரிடம் கொண்டுபோனோம். மகானுக்குத் தெரிந்த வைத்தியம் ஒரு கண்ணாடிக் குழாய். நாக்குக்கடியில் வைப்பார், உள்ளே பாதரசம் ஏறினால் நோயாளி, ஏறாவிட்டால் சோம்பேறி. "காய்ச்சல் இல்லாத நோய் என்னய்யா நோய்? காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு டிமிக்கி குடுக்கிற நோய். நாளைக்கே கொழுந்தெடுக்க அனுப்பு" என்றார். கூடவே சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல். கால் முறிந்தவனுக்கும் அதே தண்ணீர்தான். சுவரில் ஊற்றிப் பார்த்தேன், சுண்ணாம்பு உரிந்தது.

4. இப்பேர்ப்பட்டவரிடம் புத்தியால்தான் வேலை வாங்கவேண்டும். மறுநாள் மருந்தக வாசலில் வைத்துச் சூடான சாயத்தண்ணீரை, அதாவது பாலில்லாத தேநீரை, மருமகள் வாயில் ஊற்றி உள்ளே விட்டேன். ரசம் நூற்றுநாலுக்குப் பறந்தது. நெற்றியைத் தொட்டிருந்தால் பனிக்கட்டி என்று தெரிந்திருக்கும். கூலிகளைத் தொடுவது அவருக்கு வழக்கமில்லை. காய்ச்சல் வார்டுக்குத் துண்டு எழுதினார். அங்கே காய்ச்சல் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, "கள்ளக் குடும்பம்டா நீங்க. துண்டு கேட்டு இனிமே வாசப்படி மிதிக்காத" என்கிறார். ஒரு குவளைச் சாயத்தில் ஏமாந்தவர் வைத்தியராம், நான் கள்ளனாம். துண்டில்லாமல் வெளியே கொண்டுபோனால் வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டி, குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் பறிப்பார்களாம்.

5. நடிப்பென்று சொல்லும் மேதாவிக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சாயத்தண்ணீர் பட்டபோது அவள், "சுடுது மாமா" என்றாள். பிள்ளை பெற்றபின் அவள் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அப்படியானால் பேச்சு எங்கேயோ உள்ளே கிடக்கிறது ஐயா. சிறுத்தையைக் கைத்தடியால் விரட்டியவன் நான். அந்தப் பேச்சை வெளியே கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. மறுபடி வாயைச் சுட மனம் வரவில்லை.

ஆகவே, அதற்கென்று படித்த வைத்தியர் கண்டியில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், தாங்களே துண்டு எழுதி அவளை அனுப்பி, பெயரை வெட்டக்கூடாதென்று தோட்டத்துக்கு உத்தரவும் போடவேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்கிறேன். அதுவரை தொழிற்சாலைக் காவலை விட்டுவிட்டு லயத்து வாசலில் காவல் இருக்கிறேன். ஆறு கிட்டத்தில்தான் ஓடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
பெ. முத்துலிங்கம்
(அம்மாக்கண்ணுவின் தாய்மாமன்)

பட்டுமலைத் தோட்டம்
12.08.1961