அம்மனிடம் நான் பேசிய மராத்தி

என் அருமை அக்கா,

இதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்கிறேன். நீயும் நம்பாதே. நம்பினால் எழுந்துவந்து அடிப்பாய்.

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் தை வெள்ளி. புது அரிசியில் பொங்கி நம் குலதெய்வமான அம்மனுக்குப் படைத்தோம். தஞ்சாவூர் மராத்தியர் என்று பேர்தான், வீட்டில் மராத்தி என்றைக்கோ நின்றுபோயிற்று. ஆனாலும் படையலன்று அவளிடம் மட்டும் மராத்தியில்தான் பேசவேண்டும். "தமிழ்ல கூப்பிட்டா வேற வீட்டு ஆளுன்னு நெனச்சுப்பாடா. வந்து கத்துக்க" என்று எத்தனை வருஷம் கூப்பிட்டாய்! "நீதான் நூத்தம்பது வயசு இருக்கப்போறியே, எனக்கென்ன அவசரம்?" என்று வடையோடு நழுவினேன்.

உன் மகள் வசந்தி என்னை முன்னால் தள்ளினாள். "நீங்கதானே மாமா இப்ப மூத்தவங்க, சொல்லுங்க." தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ தஞ்சாவூர் அரண்மனைக்கே பட்டா வைத்திருப்பவன்போல மார்பை நிமிர்த்தி, உன் ராகத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். கால் மணி நேரம்! காவிரி மிரண்டு குடகுக்கே திரும்பி ஓடியது. அம்மன் நாலு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால் நானே சிரித்திருப்பேன். வசந்தி அதைப் போனில் பதிவு செய்திருக்கிறாள். "அம்மாவே பேசின மாதிரி இருந்துச்சு மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினமும் விளக்கேற்றி, அதைக் கேட்டு மனப்பாடம் செய்கிறாள். அடுத்த தையில் அவளே சொல்லப்போகிறாளாம். பிறகு அவள் பிள்ளைகளுக்கு.

அக்கா, மறந்தவனை மன்னிக்கலாம். சாமி ஒருத்திக்காகவாவது இந்த வீட்டில் மிச்சமிருந்த பாஷையைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் என் உளறலை உட்காரவைத்தவனை என்ன செய்வது? பக்தியோடு வசந்தி அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. எந்த முகத்தோடு சொல்வேன்?

ஆனாலும் சொல்லப்போகிறேன். ஒரத்தநாட்டில் நம் சித்தப்பா மகளுக்கு இன்னும் எல்லாம் முழுதாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வசந்தியிடம் உண்மையை உடைத்துவிட்டு, அவள் திட்டி முடித்ததும், இரண்டு பேருமாகப் போய் முதல் வரியிலிருந்து கற்றுக்கொள்வோம். இது உன்மேல் சத்தியம்.

காவிரி திரும்பியது பொய். அம்மன் காதைப் பொத்தியதும் பொய். ஆனால் அந்த உளறலுக்கு நடுவே ஒரு வாக்கியம் மட்டும் நிஜ மராத்தி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ என்னைக் கேட்பாயே, "சாப்பிட்டியா?" என்று. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைத்தான் அம்மனிடம் கேட்டேன்.

தலைகுனிந்து,
உன் கூடப்பிறந்த தம்பி