யூசுப் தொட்டால் கை ஒடியும்

அன்பு மச்சான் ஜமாலுக்கு,

வெள்ளிக்கிழமைதோறும் நீ அடங்கியிருக்கிற கபருக்கு வந்து சலாம் சொல்லிவிட்டுத்தான் பாத்திரக் கடையைத் திறக்கிறேன். அங்கே நின்று கோபப்படக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறேன். ஏழு மாதமாக அடக்கி வைத்ததை இங்கே கொட்டப் போகிறேன், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். ஒரு ஒயரை எப்படி மாட்டுவது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் உனக்கு என்னடா குறைந்திருக்கும்?

பள்ளிவாசல் சுவரில் நீ மாட்டிய தொழுகை நேர போர்டைத்தான் சொல்கிறேன். உன் அம்மாவுக்குக் காது மந்தமாகி பாங்கு கேட்காமல் போனபோது, ஜன்னலுக்கு நேர் எதிரே தெரியும்படி ஏணி போட்டு ஏறி மாட்டினாய். ஐந்து வக்துத் தொழுகை நேரமும் சிவப்பு வெளிச்சத்தில் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குக் கீழ் வரியில் "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று ஓடும். அந்த போர்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், மவுஸைப் பிடித்து உன் கையெழுத்திலேயே படமாக வரைந்து ஏற்றினாய்.

கமிட்டிக்காரர்கள் கூடி, "இதென்னங்க ஜமாலு, தொழுகை போர்டுல ஊட்டு விஷயத்த ஓட்டறீங்க?" என்று கேட்டார்கள். "இந்தத் தெருவுல எந்த ஊட்டுலீங்க அம்மா இல்ல?" என்று நீ திருப்பிக் கேட்டாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நீ மவுத்தான பிறகும் அந்த வரி நிற்கவில்லை. நாலு மணிக்கு உன் அம்மா, என் மாமி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வரி ஓடும். "போட்டுட்டேன்டா" என்று போர்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்குவார். சுலைகா அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். உன் தங்கச்சி அழுவதை நான் பார்த்துவிடக் கூடாதாம்.

அந்த போர்டுக்குள் இருக்கிற கடிகாரம் ஓடுகாலி என்பதை நீ யாரிடமாவது சொன்னாயா? மாதம் ஒருமுறை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அதைத் திருத்திவிட்டு வந்திருக்கிறாய். நீ சும்மா பொழுதுபோக்கத்தான் போகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதத்தில் அது ஆறு நிமிஷம் முன்னால் ஓடிவிட்டது. மோதினார் தன் செல்போனைப் பார்த்து பாங்கு சொல்கிறவர், அவருக்கும் தெரியவில்லை.

ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் மாமி ஒரு நோன்பு வைத்தார். சுலைகா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மாமி போர்டைப் பார்த்து மஃரிப் ஆகிவிட்டது, நோன்பு திறக்கலாம் என்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார். ஆறு நிமிஷம் கழித்து பாங்கு! பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினேன். "தெரியாம நடந்ததுங்க, குத்தமில்ல. வேறொரு நாள் புடிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். மாமியோ ஒப்புக்கொள்ளவே இல்லை. "எம் மவன் போர்டு தப்பாக் காட்டாதுங்க மாப்ள. உங்க பாங்குதான் லேட்டு" என்றார். சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது.

அப்போது ரமலானுக்குப் பத்தே நாள். கடிகாரத்தைத் திருத்தியாக வேண்டும். நீ வருஷாவருஷம் செய்தது போல, நாலு மணி வரியை நோன்பு திறந்த பிறகு ஓடும்படி மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டப்பகலில், நோன்போடு இருக்கிற மாமியை மாத்திரை போடச் சொல்லும் அந்த போர்டு. டாக்டர் சொன்னாலும் ஹஜ்ரத் சொன்னாலும் மாமி யோசிப்பார், போர்டு சொன்னால் யோசிக்க மாட்டார்.

உன் ஜெராக்ஸ் கடை லேப்டாப்பைத் துடைத்து எடுத்தேன். போர்டிலிருந்து வரும் ஒயருக்கு ஒன்பது ஊசி வைத்த பழைய காலத்து முனை. லேப்டாப்பில் இருப்பதோ யூ.எஸ்.பி. இரண்டுக்கும் நடுவில் உன்னுடைய அந்த நீலக் கேபிளை மாட்டினேன். திரையில் கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து உட்கார்ந்தது. கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். ஊதிப் பார்த்தேன். முக்கோணம் அசையவில்லை.

பக்கத்துச் சித்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "கேபிளு நல்லாத்தானுங்க இருக்குது. அத அடையாளம் தெரிஞ்சுக்க உள்ள டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்குதுங்க. அது தானா அப்டேட் ஆயிருச்சு. புது டிரைவரு இந்தப் பழைய சிப்ப ஏத்துக்காதுங்க" என்றார்.

"நல்லா இருக்கற பொருள ஏத்துக்காம இருக்க அது யாருங்க?"

"எங்கிட்டக் கோவிச்சு என்னங்க பண்ண? புது கேபிளு வாங்கிக்குங்க."

கோயமுத்தூர் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். முக்கோணம் வரவில்லை, ஆனால் உன் போர்டு புரோகிராம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மாட்டுகிற கேபிளுக்கு லேப்டாப் ஓர் எண் கொடுக்கிறது, அந்தக் கிழட்டு புரோகிராமுக்கு ஒன்றிலிருந்து நாலு வரைக்கும்தான் எண் தெரியுமாம். புதுக் கேபிள் பதினொன்றாம் எண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. போர்டு விற்றவர்களுக்குப் போன் போட்டால் ஒரு பெண் மலையாளத்தில், "ஆ மாடல் இப்போ இல்லா சேட்டா, புதியது எடுத்தோளூ" என்று வைத்துவிட்டாள். எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கமிட்டியில், "கழட்டிருவோம்ங்க, எல்லார்த்து போன்லயும்தான் டைம் வருதே" என்றார்கள். "எங்க மாமி போனப் பாத்தா நோன்பு தொறப்பாங்க?" என்று நான் கத்தியதில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இத்தனை நாளும் உன் லேப்டாப் திரையில் ஒரு ஃபோல்டர் என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. பெயர், 'யூசுப் தொட்டால் கை ஒடியும்'. ஒருநாள் உன் கடையில் உட்கார்ந்து நான் வாடிக்கையாளர் போட்டோக்களையெல்லாம் அழித்துத் தொலைத்தேனே, அந்தக் கோபத்தில் வைத்த பெயர் என்று எனக்குத் தெரியும். செத்தவன் பேச்சை மீறக் கூடாது என்று எட்டு நாள் அதைத் தொடவில்லை.

சுலைகாதான் பொறுமை இழந்தாள். "ஏனுங்க, அண்ணனே இல்ல, கைய யாருங்க வந்து ஒடிப்பாங்க? தொறங்க!"

திறந்தேன். உள்ளே அந்தப் பழைய டிரைவர். கூடவே ஒரு குறிப்பு. 'யூசுபு, அப்டேட் ஆனால் மஞ்சள் முக்கோணம் வரும். பயப்படாதே. யாரிடமும் சண்டை போடாதே. புது டிரைவரைக் கழற்று. பட்டியலில் தேதி பழையதாக இருப்பதை நீயே தேர்ந்தெடு' என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தாய். வெளியே கை ஒடியும் என்று மிரட்டிவிட்டு உள்ளே எனக்கே எழுதி வைத்திருக்கிறாயே, நீயெல்லாம் என்ன மனுஷன்டா? உன்னைக் கொண்டுபோன அந்த நெஞ்சுவலி முன்னாலேயே இருந்ததா? இருந்தால் ஏன் சொல்லவில்லை?

சொன்னபடி செய்தேன். முக்கோணம் போனது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன். மாட்டினேன், நேரத்தைத் திருத்தினேன், அனுப்பு என்பதை அமுக்கினேன். இங்கிலீஷில் என்னவோ கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். போர்டு இருண்டு, திரும்ப எரிந்தது. நேரம் மிகச் சரி. கீழ் வரி காலி.

பிறகுதான் உன் குறிப்பின் கடைசி வரியைப் படித்தேன். 'அனுப்பும் முன் போர்டில் இருக்கிற படத்தை லேப்டாப்பில் இறக்கி வை. இல்லாவிட்டால் அழிந்துபோகும்.' அவசரத்தில் பாதியோடு நிறுத்தியிருந்தேன், ஜமால். கம்பெனிக்காரனைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். உன் கையெழுத்தை அழித்தது நான்தான். தொழுகைக்கு முன் ஒளு செய்து கைகால் கழுவும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வேறு வழி? நானே மவுஸைப் பிடித்து அதே வரியை வரைந்தேன். 'த்தி' ஒரு பக்கம் சாய்ந்தது, 'ரை' காலை அகட்டிக்கொண்டு நின்றது. ஒன்பது தடவை வரைந்தும் அவ்வளவுதான் வந்தது. மஃரிபுக்கு அரை மணி கழித்து ஓடும்படி வைத்து அனுப்பினேன்.

முதல் நோன்பு. ஜன்னலில் மூன்று பேரும் நின்றோம். போர்டில் நேரம் மாறியதும் பாங்கு ஆரம்பித்தது. சுலைகா தோளைத் தொட்டுச் சைகை காட்ட, மாமி பேரீச்சம்பழத்தைக் கடித்தார். அரை மணி கழித்து வரி ஓடியது. மாமி கண்ணைச் சுருக்கி இரண்டாம் முறையும் பார்த்தார்.

"இது ஜமாலு எழுத்தில்லீங்களே, மாப்ள."

மெதுவாகச் சொல்லிச் சமாளிக்க அவர் காது விடவில்லை. "அவன் எழுத்த நான் அழிச்சுப்போட்டேனுங்க மாமி! தெரியாம அழிச்சுப்போட்டேன்! இது நான் எழுதுனது!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மாமி மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பதினாறு வருஷமாக 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்பதைத் தவிர வேறு பேச்சு அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. ஜன்னலிலிருந்து திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"போட்டுட்டேன்டா" என்றார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, உன்னிடம் சலாம் சொன்ன கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போர்டுக்குப் போவேன், ஜமால். இது சத்தியம். சுலைகாவுக்கும் உன் குறிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டேன். ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றவில்லை, அது உன் பேச்சு, இருக்கட்டும்.

உன் மச்சான், உன் அம்மாவிடம் 'டா' வாங்கியவன்,
யூசுப்